அக்கா கேட்ட கேள்வி: "இதை யாருப்பா வச்சது?"

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு சாயந்திரம் படியுங்கள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு 74 வயது. மகன் புதிதாக வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனில் வாட்ஸ்அப் பார்ப்பார், யூட்யூபில் உபன்யாசம் கேட்பார். நான் போன அன்று கையில் போனைக் காணோம். எங்கே என்று கேட்டேன். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"நான்தான் தம்பி, எதையோ தப்பா அமுக்கிக் கெடுத்துட்டேன். கண்ட கண்ட படமா வருது. பேரப்பிள்ளைங்க முன்னாடி எடுக்கவே கூச்சமா இருக்கு."

எடுத்துப் பார்த்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழின் இணைப்பை அனுப்பியிருக்கிறார்கள். அக்கா அதைத் தொட்டிருக்கிறார். போன் கம்பெனியே போட்டுக் கொடுத்திருந்த பிரவுசரில் அது திறந்திருக்கிறது. அந்த பிரவுசரின் முகப்பு முழுக்கக் கொலைச் செய்தி, கள்ளக்காதல் செய்தி, நடிகைகளின் படங்கள். போதாததற்கு, "உங்கள் போனில் வைரஸ் உள்ளது, உடனே இங்கே தொடவும்" என்று ஒரு பயமுறுத்தல் விளம்பரம். அரை மணிக்கொரு தரம் 'டிங்' என்று ஓர் அறிவிப்பு. அக்கா பயந்துபோய் போனை அணைத்துப் பீரோவில் பூட்டிவிட்டார். பதினைந்து நாளாக யாருடைய போனையும் எடுக்கவில்லை.

போனில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அக்கா தப்பாக எதையும் அமுக்கவும் இல்லை. வேறொரு பிரவுசரை இறக்கி, அதை டிஃபால்ட்டாக மாற்றி, பழையதன் அறிவிப்புகளை நிறுத்தினேன். ஐந்து நிமிட வேலை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா கடைசியில் ஒன்று கேட்டார்.

"நான் இதைக் கேக்கவே இல்லையே. இதை யாருப்பா வச்சது?"

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். "யார் வைத்தது, எப்போது, எதற்காக?" என்று கேட்டால் அது வரலாற்றுக் கேள்வி. அக்காவுக்கு அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஒழுங்கான பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலிதான் பிரவுசர். தமிழில் உலாவி என்கிறோம். குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ், ஓபரா, எட்ஜ், பிரேவ் எல்லாம் இந்த வகை. டிஃபால்ட் என்பதற்கு இயல்புநிலை என்று கலைச்சொல் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் இன்னும் எளிதாகப் புரியும். "டீ ஒண்ணு" என்றால் சர்க்கரை போட்ட டீதான் வரும். வேண்டாதவர் வாயைத் திறந்து "சர்க்கரை இல்லாம" என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாதபோது எது வருகிறதோ அதுதான் டிஃபால்ட். போனில் ஓர் இணைப்பைத் தொட்டதும் நம்மைக் கேட்காமல் எந்த பிரவுசர் திறக்கிறதோ அது டிஃபால்ட் பிரவுசர்.

பெரும்பாலானவர்கள் வாயைத் திறப்பதில்லை. வகுப்பறையில் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் முதல் நாள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தானோ, மார்ச் வரை அந்தப் பையன் அங்கேதான் இருப்பான். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, இடம் மாறக் கூடாது என்று விதியும் இல்லை. ஆனாலும் மாற மாட்டான். மனிதர்களின் இந்தக் குணத்தைக் கம்பெனிகள் சீக்கிரமே கண்டுகொண்டன. இனி நான் சொல்லப்போகும் முப்பது வருஷக் கதை அதைப் பற்றியதுதான்.

ஆரம்பத்தில் டிஃபால்ட் என்ற பேச்சே கிடையாது. ஜெனீவா அருகே செர்ன் என்ற அணு ஆராய்ச்சிக் கூடத்தில் 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் பிரவுசரை எழுதினார். அதில் பக்கங்களைப் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி, இந்த வலைத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அதே வருஷம் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா என்ற இருவர் மொசைக் என்ற பிரவுசரை வெளியிட்டார்கள். எழுத்துக்கு நடுவே படமும் தெரிந்ததால் சாதாரண மக்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் பிரவுசர் வேண்டுமென்றால் நாமே தேடிப் போய் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு வராது.

ஆண்ட்ரீசன் அடுத்த வருஷமே ஜிம் கிளார்க்கோடு சேர்ந்து நெட்ஸ்கேப் கம்பெனியைத் தொடங்கினார். 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வந்தது. 1995 ஆகஸ்ட் 9 அன்று அந்தக் கம்பெனியின் பங்கு சந்தைக்கு வந்தபோது 28 டாலர் என்று விலை வைத்தார்கள். அன்று ஒரு கட்டத்தில் 75 டாலரைத் தொட்டது. இன்னும் லாபமே பார்க்காத கம்பெனி அது!

இதை ஒருவர் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ், அதே வருஷம் மே மாதமே இணையத்தை ஒரு பேரலையாக வர்ணித்துத் தன் அதிகாரிகளுக்கு நீண்ட குறிப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தது. அதுவும் சொந்தச் சரக்கு இல்லை; ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனியிடம் உரிமம் வாங்கி, அதன்மேல் கட்டியது. விரைவிலேயே விண்டோஸோடு இலவசமாகச் சேர்ந்து வர ஆரம்பித்தது. நெட்ஸ்கேப்பைத் தேடி எடுக்க வேண்டும். இதுவோ மேசைத்திரையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். 2000 வாக்கில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து உட்காரும்போது, அந்த நீல நிற ஆங்கில 'இ' எழுத்துப் படத்தைத்தான் நான் இன்டர்நெட் என்றே நினைத்திருந்தேன். வேறொன்றும் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

அந்த நீல எழுத்து மேசைத்திரையில் எப்படி நிலைத்தது என்பதற்கு அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. காம்பாக் அன்று உலகின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒன்று. அது தன் பிரசாரியோ வகைக் கம்ப்யூட்டர்களிலிருந்து எக்ஸ்புளோரர் படத்தை நீக்கி, நெட்ஸ்கேப்பை முன்னே வைத்தது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு நோட்டீஸ் அனுப்பியது: உங்களுக்குக் கொடுத்த விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம். விண்டோஸ் இல்லாமல் கம்ப்யூட்டரை யாரிடம் விற்பது? காம்பாக் அந்தப் படத்தைத் திரும்ப வைத்தது.

அக்கா, உன் கேள்விக்கு முதல் விடை இங்கே இருக்கிறது. திரையில் எந்தப் படம் இருக்க வேண்டும் என்பதை, கம்ப்யூட்டரை வாங்கியவரும் தீர்மானிக்கவில்லை, செய்து விற்றவர்கூடத் தனியாகத் தீர்மானிக்க முடியவில்லை. அதற்கும் பின்னால் ஒருவர் இருந்தார்.

1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டன. 2000 ஜூனில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன், கம்பெனியை இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். அடுத்த வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்கும் உத்தரவை ரத்து செய்தது. ஆனால் ஏகபோகத்தைக் காத்துக்கொள்ளச் சட்டவிரோதமாக நடந்துகொண்டது என்ற முக்கியமான தீர்ப்பை அப்படியே நிறுத்தியது. சட்டம் வென்றது. நெட்ஸ்கேப்பைக் காப்பாற்ற அது உதவவில்லை. தீர்ப்பு வருவதற்குள் அந்தக் கம்பெனியை ஏ.ஓ.எல். வாங்கிவிட்டது.

போட்டியாளர் ஒழிந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? 2001-இல் எக்ஸ்புளோரர் 6 வந்தது. அடுத்த பதிப்பான 7 வந்தது 2006-இல். ஐந்து வருஷம்! உலகத்தில் பத்துக்கு ஒன்பது பேர் பயன்படுத்திய ஒரு பொருளைப் பெரிதாகத் திருத்த யாருக்கும் அவசரம் இல்லை. விளம்பரச் சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெறித்து வந்து விழுந்ததும், வைரஸ் எளிதாக நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான். அன்றும் மக்கள் அக்கா மாதிரியேதான் நினைத்துக்கொண்டார்கள்: "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்."

நெட்ஸ்கேப் மூச்சை விடுவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தது. 1998 மார்ச் 31 அன்று தன் பிரவுசரின் மூல நிரல்களை உலகத்துக்கே திறந்து விட்டது. அதிலிருந்து மொசில்லா என்ற திட்டம் பிறந்தது. பல வருஷம் தட்டுத் தடுமாறி, 2004 நவம்பர் 9 அன்று அது ஃபயர்பாக்ஸ் 1.0-ஐ வெளியிட்டது. ஒரே சன்னலில் பல தாவல்கள், தெறிக்கும் விளம்பரங்களுக்குத் தடை என்று அதில் வசதிகள். அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இரண்டு முழுப் பக்க விளம்பரம் வந்தது. அதற்குப் பணம் போட்டவர்கள் சாதாரணப் பயனர்கள். விளம்பரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. கோயில் திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டுவதுபோல.

விண்டோஸோடு ஃபயர்பாக்ஸ் தானாக வரவில்லை. ஒவ்வொருவரும் தேடிப் போய் இறக்கி, டிஃபால்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. கோடிக்கணக்கானோர் மாற்றினார்கள். தூங்கிக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் எழுந்து 7-ஆம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதிலும் தாவல்கள் இருந்தன. அதாவது, மாற்றியவர்களால் மாற்றாதவர்களுக்கும் பயன் கிடைத்தது. இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போனது. நார்வே நாட்டு ஓபரா கம்பெனி 2007 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்து மைக்ரோசாஃப்ட் ஓர் உறுதி கொடுத்தது: விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு தேர்வுத் திரை காட்டுவோம், பல பிரவுசர்கள் வரிசையாக இருக்கும், அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். 2010 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2011 மே முதல் 2012 ஜூலை வரை, விண்டோஸ் 7-இன் ஒரு மேம்படுத்தலில் அந்தத் திரை காணாமல் போயிருந்தது. ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கேள்வியே வரவில்லை. தொழில்நுட்பத் தவறு என்றது கம்பெனி. 2013 மார்ச்சில் ஆணையம் 56.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

பதினான்கு மாதம், ஒன்றரைக் கோடிப் பேர்! தேர்வு செய்யும் உரிமை இருந்தும், கேட்கப்படவில்லை என்பதை யார் கவனிப்பார்கள்? கேட்காத கேள்வி கண்ணுக்குத் தெரியாது.

இனி போனுக்கு வருவோம். இதில் நம் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம்மில் பலர் நோக்கியா பட்டன் போனில் இணையம் பார்த்தவர்கள். அந்த போனோடு வந்த பிரவுசரில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் என்ன தெரியும்? கட்டம் கட்டமாகத் தெரியும். போனில் தமிழ் எழுத்துரு கிடையாது. அப்போது கை கொடுத்தது 2006 ஜனவரியில் உலகம் முழுவதும் வெளியான ஓபரா மினி. அது பக்கத்தை நேராக போனுக்குக் கொண்டுவராது. முதலில் தன் சர்வரில் வாங்கி, சுருக்கி, பிறகுதான் அனுப்பும். டேட்டா செலவு பெருமளவு குறையும். தமிழ் தெரிய அதில் ஒரு ரகசியக் கதவு இருந்தது. முகவரி இடத்தில் ஆங்கிலத்தில் ஓபரா என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று அடித்தால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் கடைசியில், சிக்கலான எழுத்துகளுக்கு படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு 'நோ' என்று இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கிச் சேமித்தால், சர்வரே எழுத்துகளைப் படமாக்கி அனுப்பிவிடும். கட்டங்கள் மறைந்து தமிழ் வரும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவன் என் பழைய மாணவன் ஒருவன். பேருந்தில் உட்கார்ந்து, தீப்பெட்டி அளவுத் திரையில் தமிழ் வலைப்பதிவு ஒன்றை முதல்முறை வாசித்த அன்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த 'நோ'வும் ஒரு டிஃபால்ட்தான். எங்கோ ஒருவர் வைத்த டிஃபால்ட். அதை ஒருவருக்கொருவர் சொல்லி 'யெஸ்' ஆக்கித்தான் நம்மில் ஒரு தலைமுறை போனில் தமிழ் படித்தது.

2007-இல் ஐபோன் சஃபாரியோடு வந்தது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் கூகுள் கம்ப்யூட்டருக்கான குரோமை வெளியிட்டது. நல்ல பிரவுசர், வேகமானது, அதை மறுக்க முடியாது. 2012-இல் குரோம் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. அதன் பிறகு ஒப்பந்தங்களின் காலம்.

ஆண்ட்ராய்டு இலவசம். ஆனால் பிளே ஸ்டோர் இல்லாத ஆண்ட்ராய்டு போனை நம் ஊரில் யார் வாங்குவார்கள்? பிளே ஸ்டோர் வேண்டுமென்றால், கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்தே போனில் போட்டு விற்க வேண்டும் என்று போன் கம்பெனிகளோடு ஒப்பந்தம். காம்பாக் கதையை மறுபடியும் படித்துப் பாருங்கள். பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. 2018 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஆணையம் இதற்காகவும் வேறு சில காரணங்களுக்காகவும் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022-இல் அங்குள்ள பொது நீதிமன்றம் அதை 412.5 கோடியாகச் சற்றே குறைத்து, தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதி செய்தது.

இந்தியாவிலும் நடந்தது. நம் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையம் சொன்னவற்றுள் ஒன்று, பிளே ஸ்டோரின் பலத்தை வைத்து குரோமின் இடத்தைக் காத்துக்கொண்டது என்பது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. அடுத்த சில நாளில் கூகுள், இந்தியாவில் போன் கம்பெனிகள் தனக்கு வேண்டிய செயலிகளுக்கு மட்டும் உரிமம் வாங்கலாம், டிஃபால்ட் தேடுபொறியைப் பயனர் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தது. மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில நிபந்தனைகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது.

பிரவுசர் இலவசம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்பீர்கள். பிரவுசரின் உச்சியில் ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. நாம் அதில் அடிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு விளம்பரம் விற்கலாம். கடைவீதிக்கு ஒரே வாசல். வாசல் யார் கையில் இருக்கிறதோ வருமானம் அவருக்கு. அது எவ்வளவு என்பது அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. பல கருவிகளிலும் பிரவுசர்களிலும் தன் தேடலை டிஃபால்ட்டாக வைக்க 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். 2022-இல் ஆப்பிளுக்கு மட்டும் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் தண்டனையை அறிவித்தபோது, குரோமை விற்கச் சொல்லவில்லை; தன்னைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது என்ற வகை ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தார்.

என் அக்கா "யாருப்பா வச்சது?" என்று கேட்ட அந்த ஒரு சிறு இடத்துக்கு, உலகத்தில் ஒரு வருஷத்துக்கு இவ்வளவு பணம் கைமாறியிருக்கிறது. ஆட்கள் டிஃபால்ட்டை மாற்ற மாட்டார்கள் என்பது உறுதியாகத் தெரியாமல் யாரும் இந்தப் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள். பெரிய கம்பெனிகளைப் பார்த்துச் சில போன் கம்பெனிகளும் பாடம் கற்றுக்கொண்டன. தங்கள் சொந்த பிரவுசரைப் போட்டு, அதில் செய்தி என்ற பெயரில் விளம்பரத்தை ஓட்டிக் காசு பார்க்கின்றன. அக்காவின் போனில் வந்தது அந்த வகை.

ஐபோன்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2007 முதல் 2020 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 14 வரும் வரை, ஐபோனில் டிஃபால்ட் பிரவுசரை மாற்றவே வழி இல்லை. பதின்மூன்று வருஷம்! ஐரோப்பாவில் புதிய டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்த பிறகு, 2024 மார்ச் முதல் அங்கே ஐபோனிலும் தேர்வுத் திரை காட்ட வேண்டியதாயிற்று.

மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாம் பெயரில் வேறு; ஆண்ட்ராய்டில் அவற்றின் உள்ளே ஓடும் எஞ்சின், கூகுள் பெரும்பங்கு எழுதும் குரோமியம்தான். நம் ஊர் ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் ஓடும். ஃபயர்பாக்ஸ் ஆண்ட்ராய்டில் தனக்கென்று கெக்கோ என்ற எஞ்சின் வைத்திருக்கிறது. விளம்பரத் தடுப்பு நீட்சிகளையும் அதில் சேர்க்கலாம். ஆனால் அதை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை டிஃபால்ட் தேடுபொறியாக வைப்பதற்காக கூகுள் கொடுக்கும் பணம். எதிர்க்கட்சிக்கு ஆளுங்கட்சி சம்பளம் கொடுப்பது மாதிரி. இதை வைத்து ஃபயர்பாக்ஸ்காரர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. நிலைமை அவ்வளவு சிக்கல் என்று சொல்ல வந்தேன்.

இன்னொன்று. டிஃபால்ட்டை மாற்றிய பிறகும், இந்த ஃபேஸ்புக்கில் ஓர் இணைப்பைத் தொட்டால் அது உங்கள் பிரவுசருக்குப் போகாமல் ஃபேஸ்புக்குக்கு உள்ளேயே ஒரு சன்னலில் திறக்கும். மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, வெளி பிரவுசரில் திற என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, பிறகு எதற்கு மாற்றுவது? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று அக்கா. அவர் போனில் இப்போது வெள்ளைத் திரையில் ஒரு தேடல் பெட்டிதான் வருகிறது. கொலைச் செய்தி வருவதில்லை. இரண்டாவது, 2004-இல் நடந்தது. அன்று இருந்த இடத்திலேயே எல்லோரும் உட்கார்ந்திருந்தால், எக்ஸ்புளோரர் இன்னும் பல வருஷம் 6-ஆகவே இருந்திருக்கும். கொஞ்சம் பேராவது பெஞ்சு மாறி உட்காருவார்கள் என்ற பயம் இருந்தால்தான் முன்னால் நிற்பவர் ஒழுங்காகப் பாடம் நடத்துவார். முப்பது வருஷம் முன்னால் நின்றவன் சொல்கிறேன், நம்புங்கள்.

செய்யும் முறை சுலபம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ், அதில் பிரவுசர் ஆப். ஐபோனில் செட்டிங்ஸில் நீங்கள் இறக்கிய பிரவுசரின் பெயரைத் தேடித் தொட்டால், டிஃபால்ட் பிரவுசர் ஆப் என்று ஒரு வரி இருக்கும். போனுக்கு போன் சொற்கள் சற்று மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடலில் டிஃபால்ட் என்று அடித்தாலே போதும். எதை வைப்பது என்று நான் சொல்ல மாட்டேன். குரோமே பிடித்திருந்தால் குரோமையே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் கோப்பைத் தொட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவே என்னைக் கூப்பிட்டார். மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் தப்பா எதையும் அமுக்கல, அப்படித்தானே?" என்றார்.

"இல்லக்கா. நீ எதையும் அமுக்கல."

"அதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?" என்று வைத்துவிட்டார்.

இன்று வீட்டில் அம்மா, அப்பா, அத்தை, மாமா யாருடைய போனையாவது ஐந்து நிமிடம் வாங்கிப் பாருங்கள். ஓர் இணைப்பைத் தொட்டால் எது திறக்கிறது, அதை வைத்தது யார் என்று அவர்களையே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதினால் படித்துத் தெரிந்துகொள்வேன்.